98 மாடல் மாருதி 800: 'கடகட' என்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

புதுமடம்_800
வெள்ளி, இரவு 9:15

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். அத்தாவின் வண்டி. 1998 மாடல் 800, கார்புரேட்டர். நான் ஷார்ஜாவில் வேலை செய்கிறேன், 14 மாதம் கழித்து லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். அத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து வண்டியை யாரும் தொடவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் ஓலைக்கொட்டகைக்குள் நிற்கிறது. கடல் அங்கிருந்து 200 மீட்டர்கூட இருக்காது.

சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள் 'கடகடகட' என்று சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. பழைய பேட்டரி செத்துத்தான் கிடந்தது, அதனால் புதுசு வாங்கிப் போட்டேன். போட்ட பிறகும் அதே கடகட. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால் வாசல் முழுக்க மணல், நாலு பேர் தள்ளியும் டயர் புதைகிறதே தவிர நகரவில்லை.

பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து சத்தத்தைக் கேட்டதுமே இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் போச்சு, 4,500 ஆகும் என்றார். மாற்றிவிடலாமா? லீவில் இன்னும் 19 நாள்தான் இருக்கிறது.


பரமக்குடி பைபாஸ்
வெள்ளி, இரவு 9:32

27 வருட வண்டிக்கு 4,500 செலவா? எடைக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பித்திருக்கிறீர்களா? 15 வருடம் முடிந்தால் 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், அதையும் பாருங்கள்.


புதுமடம்_800
வெள்ளி, இரவு 9:40

புதுப்பித்திருக்கிறது அண்ணே, அத்தா அதில் கறார். விற்கிற பேச்சை வீட்டில் எடுக்க முடியாது.


தொண்டி வாடை
வெள்ளி, இரவு 10:05

டெர்மினலைச் சுத்தம் பண்ணிப் போட்டீர்களா? புது பேட்டரியைப் பழைய கிளிப்பில் அப்படியே மாட்டினால் பல நேரம் இப்படித்தான் கடகட என்று அடிக்கும். கிளிப்பின் உள்பக்கத்தை எமரி பேப்பரால் ஈயம் பளபளக்கிற வரை தேய்க்க வேண்டும். வெந்நீர் ஊற்றிக் கழுவினால் மட்டும் போதாது.


புதுமடம்_800
சனி, காலை 8:20

தேய்த்தேன் அண்ணே, நன்றாகப் பளபளக்கிறது. ஆனால் சத்தம் மாறவில்லை.

மச்சான் எலக்ட்ரீஷியன், அவனுடைய மீட்டரை வாங்கிவைத்திருக்கிறேன். பேட்டரியில் 12.6 வோல்ட். சாவி போடும்போதும் 12-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு கேபிளிலும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் 'பீப்' வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் பீப் வருகிறது. அப்படியானால் கேபிள் நல்லதுதானே? செல்ஃப் மோட்டார்தான் என்று முடிவு பண்ணிவிடலாமா?

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி பத்துப் பதினைந்து தடவை சாவி போட்டிருப்பேன். கடைசியில் சோக்கை (ஸ்டார்ட் பண்ணும்போது இழுத்துவிடுகிற குமிழ்) உள்ளே தள்ளும்போது குமிழுக்குப் பின்னால் இருக்கிற கம்பி கைக்குச் சுட்டது. வெயில் சூடு என்று விட்டுவிட்டேன்.


பழைய ஸ்பேனர்
சனி, காலை 8:51

தம்பி, ஓலைக்கொட்டகைக்குள் ராத்திரி என்ன வெயில்?

செல்ஃப் மோட்டாரைத் தொடாதே. நீ கடைசியாகச் சொன்ன சூட்டில்தான் விஷயமே இருக்கிறது. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயர் பாடிக்குப் போகும், ஒரு தடித்த எர்த் கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன, பாடியோடு நேராகத் தொடர்பு கிடையாது. செல்ஃப் இழுக்கிற கரண்ட் முழுக்க அந்தத் தடித்த கேபிள் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அது அறுந்துபோனால் கரண்ட் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் சேர்க்கிற இரும்பு வேறு என்ன இருக்கிறது? ஆக்சிலரேட்டர் கம்பி, சோக் கம்பி மாதிரி சில மெல்லிய கம்பிகள்தான். செல்ஃப் கரண்ட் சோக் கம்பிக்குள் ஓடினால் அது சுடாமல் என்ன செய்யும்? புகை வராமல் தப்பித்தாய்.

பீப்பை நம்பாதே. கேபிளுக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர் சொச்சம்தான் எடுக்கும், அதுவும் பாடி வயர் வழியாகப் போய்விடும். அதனால் பளிச்சென்று எரியும். செல்ஃப் அப்படியில்லை, அதற்கு 100 ஆம்பியர், சில நேரம் அதற்கும் மேலே வேண்டும். வழியில் 0.05 ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியருக்கு 5 வோல்ட் அங்கேயே தீர்ந்துபோகும். 0.05 ஓம் உன் மச்சான் மீட்டரில் பூஜ்யமாகத்தான் தெரியும்.

இப்படிப் பார். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வை. கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முளை மேலேயே வை, கிளிப்பில் வைக்காதே. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பில் வை. ஒருவரைச் சாவி போடச் சொல். 2 நொடி போதும். அரை வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நான் சொன்னது தப்பு, நீ செல்ஃபைக் கழற்று. அதற்கு மேலே காட்டினால் 4,500 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்.


புதுமடம்_800
சனி, காலை 11:10

அண்ணே, 7.4 வோல்ட்!


பழைய ஸ்பேனர்
சனி, காலை 11:14

பேட்டரி கொடுக்கிற 12-ல் ஏழரை வோல்ட் வழியிலேயே கரைகிறது. செல்ஃப் பாவம், என்ன செய்யும்? கடையில் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து நெகட்டிவ் முளைக்கும் இன்ஜினில் ஒரு போல்ட்டுக்கும் நேராக மாட்டிச் சாவி போட்டுப் பார். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக் போட்டிருக்கட்டும். விசிறி பக்கம் கையும் கைலியும் போகாமல் பார்த்துக்கொள்.


புதுமடம்_800
சனி, மதியம் 12:45

சுற்றுகிறது!! மாட்டின உடனே இன்ஜின் 'விர்விர்' என்று சுற்றுகிறது. அத்தா உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

பழைய எர்த் கேபிளைக் கழற்றினேன். மேலே பார்த்தால் கறுப்பு உறை, ஒரு கீறல்கூட இல்லை. வளைத்தபோது உள்ளே காய்ந்த நெத்திலிக் கருவாடு ஒடிகிற மாதிரி மொறுமொறு என்று சத்தம். கியர்பாக்ஸ் பக்கம் முனையிலிருந்து ஒரு ஜாண் உறையைக் கத்தியால் பிளந்தேன். செம்பு என்று சொல்ல ஏதுமில்லை, பச்சைப் பொடிதான் உதிர்ந்தது. அந்தப் பொடிக்கு நடுவில் நாலைந்து இழை மட்டும் உயிரோடு இருந்தது. பீப் அடித்தது அந்த நாலைந்து இழைதான் போல.

ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சுற்றுகிறது, பிடிக்கவில்லை.


தங்கச்சிமடம் டீசல்
சனி, மதியம் 1:30

நான் போட்டு (படகு) மெக்கானிக். டீசல் இன்ஜின்தான் என் வேலை, பெட்ரோல் வண்டி ஆழம் தெரியாது. ஆனால் இந்தப் பச்சைப் பொடியோடு தினமும் குடும்பம் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன். உப்புக்காற்று கேபிளின் திறந்த முனை வழியாக உள்ளே புகுந்து, உறைக்குள் இழை இழையாக ஏறிக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. புதுக் கேபிள் போடும்போது முனையைக் கிரிம்ப் பண்ணின இடத்தில் சாலிடர் ஓடவிட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சூடு காட்டுங்கள். போல்ட் உட்காருகிற இடத்தைப் பளபளவென்று தேய்த்து முதலில் இறுக்குங்கள், கிரீஸை அதற்கு அப்புறம் மேலாகப் பூசுங்கள். கிரீஸைப் பூசிவிட்டு இறுக்குகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

உங்கள் பக்கம் தென்கடல். கச்சான் காற்று நாலைந்து மாதம் நேராக முகத்தில் அடிக்கும். எங்களுக்கு வடகடலும் இருக்கிறது, வாடையும் சேர்த்து வாங்கிக்கொள்வோம். 2025-ல் திறந்த பாம்பன் புது ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயிண்ட் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். உங்கள் எர்த் கேபிளுக்கு அதெல்லாம் யார் செய்தது?


கீழக்கரை காக்கா
சனி, மதியம் 2:10

ஒரு கேள்வி. வண்டியைக் கழுவினது போர்வெல் தண்ணியிலா?


புதுமடம்_800
சனி, மதியம் 2:22

ஆமாம் காக்கா. வேறு என்ன தண்ணி இருக்கிறது? குடிக்கிற தண்ணியே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம்.


கீழக்கரை காக்கா
சனி, மதியம் 2:31

அதுதான் கேட்டேன். என் பழைய வண்டியை அப்படித்தான் நானே கொன்றேன். பானெட்டைத் திறந்து போர் தண்ணியை ஓஸில் பீய்ச்சி அடிப்பேன், சுத்தமாக இருக்கிறது என்ற பெருமை வேறு. காய்ந்ததும் அலுமினியமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். ரேடியேட்டருக்கும் அதே தண்ணி. மூன்றாவது வருடம் ரேடியேட்டரைத் திறந்த ஆள், உள்ளே உப்பளம் வைத்திருக்கிறீர்களா பாய் என்று கேட்டான். இப்போது ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணியை வாளியில் பிடித்து, துணியை நனைத்துத் துடைப்பதோடு சரி. ரேடியேட்டருக்குக் கூலன்ட், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்குள் போர் தண்ணி ஒரு மூடி போனாலும் அதோடு அது காலி.

அப்புறம், ராம்நாட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே கடகடவுக்கு என்னிடம் பேட்டரி, செல்ஃப், இக்னிஷன் சுவிட்ச் என்று மூன்றையும் மாற்றிவிட்டுக் கடைசியில்தான் எர்த் போல்ட்டைத் தேய்த்தார்கள். நாலாவதாகச் செய்ததுதான் வேலை, முதல் மூன்றுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன். அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.


பரமக்குடி பைபாஸ்
சனி, மாலை 4:00

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.


பழைய ஸ்பேனர்
சனி, மாலை 4:20

கண்ணைத் திறந்துகொண்டே பார்க்கலாம்.

தம்பி, கரண்டா பெட்ரோலா என்று முதலில் பிரிக்க வேண்டும். சோக் போட்டு 10 நொடி செல்ஃப் அடி. உடனே ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. ஸ்பார்க்கையும் பார்க்க வேண்டுமென்றால் பிளக்கை அதன் வயரில் மாட்டி, பிளக்கின் இரும்பு இன்ஜினை ஒட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து அடி. அந்தரத்தில் தொங்கவிடாதே, எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு ஆகாது. பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். பீடி சிகரெட் பிடிக்கிற பெரியவர்களைத் தள்ளி நிற்கச் சொல்.


புதுமடம்_800
ஞாயிறு, காலை 9:05

புதுக் கேபிள் போட்டாயிற்று, டீசல் அண்ணன் சொன்ன மாதிரி சாலிடர், ஷ்ரிங்க் டியூப் எல்லாம் வைத்து. உச்சிப்புளியில் கிடைக்காமல் ராம்நாடு போய் வாங்கினேன். இப்போது அதே சோதனையில் 0.15 வோல்ட்தான் காட்டுகிறது.

பிளக் மூன்றும் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கின்றன. ஸ்பார்க் இருக்கிறது, நீலமாகவே வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கொஞ்சம் வெள்ளை பூத்திருந்தது, துடைத்துவிட்டேன்.


தொண்டி வாடை
ஞாயிறு, காலை 9:30

அப்போது பெட்ரோல்தான். டேங்கில் எவ்வளவு இருக்கிறது? 14 மாதப் பழைய பெட்ரோலா? முதலில் அதை இறக்குங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ரொம்ப நாள் நின்றால் தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும், பெட்ரோல் பம்பு உறிஞ்சுவது அந்த அடித்தண்ணியைத்தான். 98-ல் போட்ட ரப்பர் ஓஸ் இவ்வளவு எத்தனாலை நினைத்துச் செய்ததும் இல்லை.


பழைய ஸ்பேனர்
ஞாயிறு, காலை 9:48

சரியாகச் சொன்னார். இறக்கிவிட்டு 5 லிட்டர் புது பெட்ரோல் ஊற்று. பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு வருகிற ஓஸைக் கழற்றி, முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் வயரைக் கழற்றிவைத்துவிட்டுச் செல்ஃப் அடி. இந்த வண்டியில் பம்பு கேம் ஷாஃப்ட்டால் ஓடுகிற மெக்கானிக்கல் பம்பு. இன்ஜின் சுற்றச் சுற்றப் 'புளிச் புளிச்' என்று பாட்டிலில் விழ வேண்டும். கார்புரேட்டர் வாயில் நேராகப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்று யாராவது வருவார்கள். விடாதே. திருப்பி அடித்தால் தீ முகத்துக்குத்தான் வரும்.


புதுமடம்_800
ஞாயிறு, இரவு 7:40

6 லிட்டர் இறங்கியது, வார்னிஷ் வாடை. கண்ணாடி பாட்டிலில் பிடித்துவைத்தேன், அரைமணியில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தனியாக ஒரு தண்ணி நிற்கிறது. தொண்டி அண்ணன் சொன்னதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

புது பெட்ரோல் ஊற்றி அடித்தால் பாட்டிலில் ஒரு சொட்டு விழவில்லை. பம்பு போச்சு என்று நினைத்தேன். மச்சான்தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். டேங்க்கிலிருந்து இரும்புக் குழாய்க்கு வருகிற ஓஸ், ஒரு சாண் நீளம், கிளிப் பக்கத்தில் வளையமாக வெடித்திருக்கிறது. பம்பு அது வழியாகக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. 60 ரூபாய்க்கு ஓஸ், 2 கிளிப். மாட்டி அடித்ததும் பாட்டில் நிறைந்தது. கார்புரேட்டரில் திரும்ப மாட்டி, சோக் போட்டு மூன்றாவது அடியில் பிடித்துக்கொண்டது!

கொட்டகை முழுக்கப் புகை. அத்தா ஒன்றும் பேசவில்லை, பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். 20 நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். நாளைக்கு ஜாமான் வாங்க உச்சிப்புளிக்கு இதில்தான் போகிறோம்.


தங்கச்சிமடம் டீசல்
ஞாயிறு, இரவு 8:02

அல்வா வாங்கிக் கொடுங்கள்.


புதுமடம்_800
திங்கள், மதியம் 12:30

மானம் போனது. வீட்டிலிருந்து கிளம்பி நாலைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடியது. உச்சிப்புளிக் கடைத்தெருவுக்குக் கொஞ்சம் முன்னால் திக்கித் திணறி நின்றுவிட்டது. சுற்றுகிறது, பிடிக்கவில்லை. 15 நிமிடம் கழித்து அடித்தால் ஸ்டார்ட் ஆனது, ஒரு கிலோமீட்டரில் மறுபடி நின்றது. அத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது மினிபஸ்ஸில் வீட்டுக்கு வந்திருக்கிறோம், வண்டி ஒரு டீக்கடை ஓரத்தில் நிற்கிறது. நேற்று 20 நிமிடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியதே!


பரமக்குடி பைபாஸ்
திங்கள், மதியம் 12:41

காயில். சூடானால் போகும், ஆறினால் வரும். நான் சனிக்கிழமையே சொன்னேன்.


தொண்டி வாடை
திங்கள், மதியம் 12:55

இந்தத் தடவை அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காயில் அப்படியும் போகும்.


பழைய ஸ்பேனர்
திங்கள், மதியம் 1:20

இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தம்பி, ஒன்று சொல். நேற்று 20 நிமிடம் ஓடும்போது டேங்க் மூடி எங்கே இருந்தது?


புதுமடம்_800
திங்கள், மதியம் 1:28

மூடியா... பெட்ரோல் ஊற்றின கையோடு பானெட் மேலேயே வைத்திருந்தேன், ஒரு துணியை அடைத்திருந்தேன். இன்றைக்குக் காலையில்தான் திருகி மாட்டினேன்.


பழைய ஸ்பேனர்
திங்கள், மதியம் 1:33

போய், மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஓட்டு. நின்றவுடனே இறங்கி டேங்க் மூடியைத் திற. 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால் காயிலுக்குச் செலவில்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். காற்றுக்குழாய் அடைத்திருந்தால் டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுத்தாலும் வராது. 15 நிமிடம் நின்றால் எங்காவது கசிந்து காற்று புகும், அப்புறம் ஓடும்.


புதுமடம்_800
திங்கள், மாலை 6:15

ஸ்ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு! டீக்கடையில் நின்றவர்களுக்கே கேட்டது. மூடியைத் தளர்த்திவைத்துக்கொண்டு மெதுவாக வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டேன்.

காற்றுக்குழாயைக் கழற்றினால் முனையில் குளவிக்கூடு. மண்ணை நைசாகக் குழைத்து, பெருவிரல் நகம் அளவுக்கு உருண்டையாக அடைத்திருக்கிறது. ஊக்கால் குத்தியபோது மண்ணோடு இரண்டு காய்ந்த புழுவும் விழுந்தன. கழுவி, ஊதி, முனையில் மெல்லிய கம்பிவலை கட்டிவிட்டேன். அப்புறம் மூடியை இறுக்கிக்கொண்டே மண்டபம் வரை போய்வந்தோம், ஒரு திணறல் இல்லை. சார்ஜிங்கும் பார்த்தேன், 14.1 வோல்ட் காட்டுகிறது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: கேபிள், ஷ்ரிங்க் டியூப், ஓஸ், கிளிப் எல்லாம் சேர்த்து 520 ரூபாய். பேட்டரி தனி, அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.


கீழக்கரை காக்கா
திங்கள், மாலை 6:40

மாஷா அல்லாஹ். தம்பி, நீங்கள் திரும்பிப் போனபின் வண்டியை யார் எடுப்பார்கள்? விற்கிற எண்ணம் வந்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள்.


புதுமடம்_800
திங்கள், இரவு 8:10

அத்தாவிடம் கேட்டேன் காக்கா. காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். ஆபரேஷன் ஆனது கண்ணில்தான்.

வாரம் ஒரு தடவை எடுத்து உச்சிப்புளி வரை ஓட்டிவர மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். வெறுமனே ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் அணைக்கிற வேலை வேண்டாம் என்றும் சொன்னேன்.


பழைய ஸ்பேனர்
திங்கள், இரவு 8:25

அந்தச் சோக் கம்பியை மாற்றினாயா? கரண்ட் ஓடிச் சூடான கம்பி. உள்ளே பிளாஸ்டிக் உருகியிருக்கும், ஒருநாள் பாதியில் மாட்டிக்கொள்ளும்.


புதுமடம்_800
திங்கள், இரவு 8:31

இல்லை அண்ணே. இழுத்தால் கொஞ்சம் பிடித்துப் பிடித்துத்தான் வருகிறது. ராம்நாட்டில் இரண்டு கடையில் கேட்டேன், இல்லை என்றார்கள். நாளை மறுநாள் மதுரை போகிறவர் ஒருவர் இருக்கிறார், பழைய கம்பியைக் கழற்றி மாதிரிக்குக் கொடுத்துவிட வேண்டும்.